கிட்டத்தில் கேட்ட பாட்டு – 14: பற்றறி இறங்கிய இரவு

போன கிழமை மாதங்கியின் ‘ஜிம்மி’யில் விட்டேன்: பப்பி லஹிரியின் 1982 டிஸ்கோவை 2007இல் அவள் திருப்பிப் பாடிய கதை. வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். தொடர்ச்சி இன்றைக்கு இல்லை. வழியில் 1986 மறித்துக்கொண்டது.

‘புன்னகை மன்னன்’. இளையராஜாவுக்கு வைரமுத்து எழுதிய கடைசிப் படம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் விடட்டும். நான் மாய்வது அதில் சொல்லே இல்லாத தீம் இசைக்கு. சேது தமிழன், மாலினி சிங்களப் பெண். தலைமன்னார்க் கப்பல் நின்று, எங்கட கரையிலிருந்து சனம் வள்ளமேறி இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பாலசந்தருக்கு இப்படியொரு சோடி! அவர்களுக்காக இளையராஜா கொம்பியூட்டரிடம் போனார். யமஹா சி.எக்ஸ்.5.எம். அதை இயக்கியவர் திலீப் என்ற 19 வயதுப் பெடியன், பிறகு ரஹ்மான்.

மூச்சு வாங்காத பெட்டிக்கு ஆசையைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதத்தான் இருந்தேன். அதற்குள் அந்தப் பெட்டி சத்தம் எழுப்பும் விதத்தை வாசித்துத் தொலைத்தேன். மூன்று நாளாக வேறு நினைப்பில்லை.

1967, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஜோன் சௌனிங் என்பவர் கொம்பியூட்டரில் ஒரு சுரத்தை நடுங்க வைத்துப் பார்க்கிறார். பாடகர் குரல் நடுங்குவது செக்கனுக்கு ஐந்தாறு தரம். அவர் வேகத்தைக் கூட்டுகிறார். இருபது, ஐம்பது, நூறு. ஒரு கட்டத்துக்கு மேல் காதுக்கு நடுக்கம் கேட்கவில்லை; சுரத்தின் நிறமே மாறிவிட்டது. மணி மாதிரி, பித்தளை மாதிரி. யமஹா அந்த உரிமையை வாங்கியது. 1983இல் டி.எக்ஸ்.7, அடுத்து நம்ம பெட்டி. உள்ளே இருப்பது முழுக்க நடுக்கம்தான்! திலீப் பிறந்ததும் அதே 1967இல். சும்மா சொல்லிவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த இசை வேறு மாதிரி நடுங்கியது. கரண்ட் இல்லாத காலம். மாமா பற்றறிகளைப் பல்லால் கடித்து நெளித்து, கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைப்பார். இரவில் ரேப் றெக்கோடருக்குள் போட்டால் இரண்டு பாட்டுக்குத் தாங்கும். மோட்டர் களைக்க, சித்ரா ஆம்பிளைக் குரலில் பாடுவா, நாங்கள் சிரிப்போம். தீம் வரும்போது சிரிப்பு வராது. கணக்குத் தப்பாத தாளம் தயங்கித் தயங்கி, குடித்தவன் படியிறங்குவது போல இழுபடும்.

சத்தத்தைக் கூட்டினால் பற்றறி தின்னும். அதனால் ஒரு கோட்டுக்குமேல் கூட்டவிடமாட்டார். கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரோடு காதை ஒட்டவேண்டும். மாமிக்கும் அவருக்கும் கலியாணமாகி இரண்டு மாதம். ஒரு ஸ்பீக்கர், இரண்டு தலை. எங்களை “போய்ப் படுங்கோ” என்று கலைத்தது ஏனென்று விளங்கக் கனகாலம் பிடித்தது.

நேற்றுத் தொலைபேசியில் மாமியிடம் கேட்டேன், அந்த இசை ஞாபகமிருக்கோ என்று.

“எந்த இசையடா? மாமா பூசியிருந்த குட்டிக்கூறா மணம் ஞாபகமிருக்கு.”

ஆசிரியர் இரண்டு தரம் அழைத்துவிட்டார். மாதங்கி அடுத்த கிழமை.