பச்சை மைக் காலம்

ஜூன் மாதம் வந்தால் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காய்ச்சல்காரர்களைவிடக் கையெழுத்துக்காரர்கள்தான் அதிகம் நிற்பார்கள். 1980களின் கடைசி அது. கல்லூரியில் சேரவோ வேலைக்கு மனுப் போடவோ, மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸில் ஒரு கெஜட்டட் அலுவலர் 'உண்மை நகல்' என்று சான்றொப்பமிட்டு முத்திரை குத்த வேண்டும். அதுவும் பச்சை மையில் இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. டாக்டர் அசலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றாமலே பத்து நகலிலும் போட்டுத் தள்ளிவிடுவார்.

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அதற்கு நேர்மாறு. அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். "பேரு, பொறந்த தேதி, மொத்த மார்க்கு, மூணும் ஒத்துப் போகணும்டா தம்பி" என்பார். எங்கள் சான்றிதழ்களில் ஒரு குற்றமும் கிடையாது. ஆனாலும் அந்த அடிஸ்கேலுக்குப் பயந்தே பாதிப் பேர் டாக்டர் வரிசையில் போய் நின்றோம்.

நகல் அசலைப் போல இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக் கையெழுத்து எதையும் சொன்னதில்லை என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது. அசல் அசல்தானா என்ற கேள்வி டாக்டருடையதும் அல்ல, தலைமையாசிரியருடையதும் அல்ல.

என் பெரியப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. புத்தகம்தான், தாள் அல்ல. மதிப்பெண்கள் கையால் எழுதியவை. புகைப்படம் கிடையாது. அங்க அடையாளம் என்ற இடத்தில் 'வலது முழங்கையில் ஒரு தழும்பு' என்று இருக்கிறது. இந்தக் காலத்துக் கண்ணால் பார்த்தால் இதைவிடச் சுலபமாகத் திருத்தக்கூடிய ஆவணம் இருக்க முடியாது. பிளேடால் சுரண்டி 3-ஐ 8 ஆக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள். அப்படியும் அது பெரிய தொழிலாக வளரவில்லை. பெரியப்பா தலைமுறை யோக்கியமானது என்று நான் வாதாடப் போவதில்லை. காரணம் வேறு. படித்தவர்களும் குறைவு, படித்த இடங்களும் குறைவு. 1857-ல் சென்னை, 1929-ல் அண்ணாமலை. 1966-ல் மதுரை வரும்வரை இன்றைய தமிழ்நாட்டுப் பரப்பில் பல்கலைக்கழகம் என்றால் இவ்விரண்டுதான். பட்டம் வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு ஓர் அலுவலகத்தில் நுழைந்தால், அதே கல்லூரியில் முன்பின் படித்தவர் ஒருவராவது அங்கே இருப்பார். "உங்க பேட்ச்சுக்கு இங்கிலீஷ் யார் எடுத்தா?" என்று டீ குடிக்கும்போது கேட்பார். எந்த விசாரணைக் கமிஷனும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

இன்னொன்றும் உண்டு. அன்று 'பி.ஏ. ஃபெயில்' என்று போட்டுக்கொள்வதில் வெட்கம் இருக்கவில்லை. பி.ஏ. வரை போனதே ஒரு தகுதி. தோல்வியையே பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ள முடிந்த காலத்தில் பொய்க்கு என்ன அவசரம்?

வேலை கிடைத்த பிறகுதான் உண்மையான சோதனை. ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், 'உண்மைத்தன்மை' என்ற சொல்லைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். சான்றிதழின் நகலும் கட்டணத்துக்கான டி.டி.யும் தேர்வுத் துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும். அங்கே ஒரு எழுத்தர் பழைய பதிவேட்டை இறக்கி, தூசி தட்டி, பதிவெண்ணைத் தேடிப் பிடித்துப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் வந்து சேரும்வரை பணிவரன்முறை நிற்கும், கோப்பு நகராது. மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பதில் கடிதமே போலியாக வந்து மாட்டிய கதைகளும் உண்டு. காவலுக்கு வைத்த பூட்டுக்கே கள்ளச்சாவி.

கலர் ஜெராக்ஸும் ஸ்கேனரும் தெருமுனைக் கடைக்கு வந்ததும் பிளேடுக்காரரின் கைத்திறன் தேவையற்றுப் போனது. பல்கலைக்கழகங்கள் ஹாலோகிராம், நீரெழுத்து, பார்கோடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தன. இந்தத் துரத்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சடிப்பவன் ஒரு படி ஏறினால் போலி அச்சடிப்பவனும் ஒரு படி ஏறினான்.

சுவாரசியமானது அடுத்த கட்டம். சான்றிதழை ஒவ்வொன்றாகத் திருத்துவானேன், பல்கலைக்கழகத்தையே தொடங்கிவிட்டால்? பட்டம் தரும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு 1956-லேயே வரையறுத்துவிட்டது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம். அவ்வளவே. மற்றவை போலி. அவற்றின் பட்டியலை யு.ஜி.சி. அவ்வப்போது வெளியிடுகிறது. 2023, 2024 பட்டியல்களில் எண்ணிக்கை இருபதை ஒட்டி இருந்தது. அதில் நெடுங்காலமாக இடம்பெறும் ஒரு பெயர் டெல்லி தரியாகஞ்சின் 'கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட்'. பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் லிமிடெட்! அந்த மட்டில் நேர்மையான பெயர் என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டத்தைக் கொண்டே சட்டத்தைச் சுற்றி வந்ததும் நடந்தது. 2002-ல் சத்தீஸ்கர் அரசு தனியார் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு சட்டம் போட்டது. கொஞ்ச காலத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அரசாணையில் முளைத்தன. பல, கட்டடமோ வகுப்பறையோ இல்லாமல் முகவரி மட்டும் கொண்டவை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகளைச் செல்லாது என்றது. அரசு முத்திரையே இருக்கிறதே என்று நம்பிச் சேர்ந்த பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்றைய நிலைமைக்கு வருவோம். பச்சை மை போய்விட்டது. சுய சான்றொப்பமே போதும் என்று அரசே பத்தாண்டுக்கு முன் சொல்லிவிட்டதால் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். 2017 ஜூலையில் தேசியக் கல்வி ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. இப்போது அது டிஜிலாக்கர் வழியாக இயங்குகிறது. இதில் உள்ள மாற்றம் பலர் நினைப்பதைவிடப் பெரியது. முன்பு சான்றிதழ் மாணவன் கையில் இருந்தது, அவன் கொண்டுவந்து காட்டினான். இப்போது பல்கலைக்கழகமே தன் பதிவை நேராகக் காப்பகத்தில் ஏற்றுகிறது. வேலை தருபவர் மாணவனின் சம்மதத்தோடு அதை அங்கேயே பார்த்துக்கொள்கிறார். இடையில் கைமாறும் காகிதம் இல்லை. சுரண்டுவதற்கு ஒன்றும் இல்லை. எழுத்தர் பதிவேடு இறக்கிய மாதங்கள் நிமிடங்களாகிவிட்டன. பழைய ஆண்டுகளின் பதிவுகள் எல்லா இடத்திலும் ஏறி முடியவில்லை என்றாலும், இது நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் காப்பகம் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டை அப்படியே நம்புகிறது. பதிவேட்டிலேயே பொய் ஏறிவிட்டால்? இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கொரோனா காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம், 1980கள் தொடங்கி அரியர் வைத்திருந்த பழைய மாணவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. தேர்வு ஆன்லைனில். அந்தக் கூட்டத்தோடு, அங்கே ஒருநாளும் சேராத 117 பேரும் தேர்வெழுதிவிட்டார்கள். பட்டச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பங்கள் வந்த பிறகுதான், இவர்கள் சேர்ந்ததற்கும் கட்டணம் கட்டியதற்கும் பதிவே இல்லை என்பது தெரியவந்தது. விஷயம் 2022 தொடக்கத்தில் வெளியே வந்தது. தேர்வும் பல்கலைக்கழகமும் நிஜம். மாணவர்கள்தான் பொய். ஹாலோகிராமோ பார்கோடோ இதைப் பிடித்திருக்காது. பிடித்தது, கட்டண ரசீது எங்கே என்று யாரோ பழைய வழக்கப்படி தேடிப் பார்த்ததுதான். எனக்கு அந்த அடிஸ்கேல் ஞாபகம் வந்தது.

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டதும் இதே ரகம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரை ஒரே ஆண்டில் பல கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியராகக் காட்டியிருந்தன. இங்கே பட்டத்தில் யாரும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆள்தான் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், காகிதத்தில். அப்படிப்பட்ட வகுப்பிலிருந்து வெளியே வரும் மாணவனின் சான்றிதழ் டிஜிலாக்கரில் பளிச்சென்று அசலாகவே தெரியும். அவன் யாரிடம் படித்தான் என்று அது சொல்லாது. "உங்க பேட்ச்சுக்கு யார் எடுத்தா?" என்று கேட்க அலுவலகத்தில் பழைய ஆளும் இருக்க மாட்டார்.

பிள்ளைக்கு அட்மிஷன் தேடும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன் யு.ஜி.சி. தளத்தில் இரண்டு பட்டியல்களையும் பாருங்கள். போலிப் பட்டியலில் பெயர் இல்லை என்பது போதாது. அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

இத்தனை மாற்றத்துக்கு நடுவே மாறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உரிமை இல்லாமல் பட்டம் வழங்குவோருக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஓர் அபராதம் வைத்தது. அன்று அது ஒரு கல்லூரி ஆசிரியரின் சில மாதச் சம்பளம். தொகை, ஆயிரம் ரூபாய் வரை.