இளவயதில் பக்கவாதமா? எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவை

‘கை கால் விழுந்துவிட்டது’ என்றால் அறுபதைத் தாண்டிய ஒருவரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாத முப்பது வயதுக்காரருக்கு அது நேர்ந்தால், காரணத்தை வேறு இடங்களில் தேட வேண்டும். இதயக் கோளாறு, ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு என்று நீளும் அந்தப் பட்டியலில் எச்.ஐ.வி.யும் உண்டு. கண்டுபிடித்துவிட்டால் தொடர் சிகிச்சையால் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய காரணம் அது. ஆனால், கேட்கத் தயங்கியே அதை விட்டுவிடுகிறோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதியானது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அன்று அது உயிர்க்கொல்லி. இன்று தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டால் நீண்ட காலம் வாழலாம்.

ரத்தக்குழாயில் நடப்பது என்ன?

எச்.ஐ.வி.யால் எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் பிற கிருமிகள் புகுவது, பக்கவாதம் வருவதற்கான முதல் வழி. காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்கும்போது, மூளையின் அடிப்பகுதியில் ஓடும் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. அக்கியை உண்டாக்கும் வைரஸும் சிபிலிஸ் கிருமியும்கூட இதைச் செய்யும். எச்.ஐ.வி.யால் உண்டாகும் நீடித்த அழற்சி குழாய்ச் சுவரைச் சிதைப்பது இரண்டாவது வழி. அதே அழற்சியால் ரத்தம் எளிதில் உறையும். இதயத்தசை பலவீனமானால், அங்கே உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைக்கும்.

மலாவி சொன்ன பாடம்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளான்டயர் நகரில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பக்கவாதம் வந்தவர்களில் 45 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் பார்த்தபோது, 67 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. மலாவியில் தொற்று மிகப் பரவலாக உள்ளது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ 0.2 சதவீதம் பேருக்கே தொற்று என்பதால் அதே விகிதத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் பக்கவாத ஆபத்து உச்சத்தில் இருந்தது. எதிர்ப்பாற்றல் திடீரென விழித்தெழும்போது, உள்ளே பதுங்கியிருந்த தொற்றுகளோடு அது மூர்க்கமாக மோதுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களிடம் எதிர்ப்பாற்றலுக்கான சிடி4 வெள்ளணுக்கள் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருந்தன. ஆகவே மாத்திரைக்குப் பயப்படுவதில் பொருளில்லை. எதிர்ப்பாற்றல் சரிவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

நாலரை மணி நேரம்

எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கவாதத்தில் நேரம்தான் முக்கியம். உதாரணத்துக்கு, அனுப்பம்பட்டு சென்னை–கும்மிடிப்பூண்டி ரயில் தடத்தில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ளது. அங்கிருந்தும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்களிலிருந்தும் பெரிய சிகிச்சைக்குப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு, ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேன் காட்ட வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சு குழறுதல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். புறா ரத்தம் தடவுவதிலும் எண்ணெய் தேய்ப்பதிலும் நேரம் கழியக் கூடாது. விழுங்குவதில் சிரமம் இருக்கலாம் என்பதால் தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்கக் கூடாது. இரவு வலைக்குப் போனவர் விடியலில் விழுந்து கிடந்தால், கடைசியாக எந்த நேரத்தில் நன்றாக இருந்தார் என்று உடன் போனவர் சொல்ல வேண்டும். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது.

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

எச்.ஐ.வி. இருப்பதாலேயே அடைப்பைக் கரைக்கும் ஊசி மறுக்கப்படுவதில்லை. ஆனால், மருத்துவரிடம் அதை மறைப்பது ஆபத்து. கொழுப்பைக் குறைக்கத் தரும் சிம்வாஸ்டாட்டின், ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்துகளோடு ஒத்துப்போகாது. பொருத்தமான ஸ்டாட்டின் பலன் தருகிறது: இந்தியா உட்பட 12 நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வில், பிட்டவாஸ்டாட்டின் எடுத்த எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன.

மீனவர் குப்பத்தில் ஒருவரைப் பற்றிய செய்தி ஒரே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் 2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது. சிகிச்சை மறுக்கக் கூடாது என்கிறது அது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். 2004 முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் இலவசம். சந்தேகங்களுக்கு 1097 எண்ணை அழைக்கலாம். இளவயதில் பக்கவாதம் வந்தவரின் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கும்போது, அவர் சம்மதத்தோடு எச்.ஐ.வி.யையும் பாருங்கள் என்று குடும்பத்தினரே மருத்துவரிடம் கேட்கலாம்.