வலியற்ற தேமலும் வழக்கொழிந்த சட்டமும்

நோய்க்கிருமி சரீரத்துக்குள் புகுந்தால் ஜுரமாகவோ இருமலாகவோ பேதியாகவோ தன் வரவை அறிவித்தே தீரும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். காலரா கிருமி குடலில் தங்கி நஞ்சைச் சுரந்து, சில மணி நேரத்துக்குள் தேகத்தின் நீரையெல்லாம் வற்றச் செய்து ஆளைச் சாய்த்துவிடுவதைக் கேட்டறிந்த நமக்கு, வருஷக்கணக்கில் ஒருவரது தேகத்தில் வாசம் செய்தும் அவரது வயலுக்கோ வேலைக்கோ ஒரு நாளும் குந்தகம் விளைவிக்காமல் மறைந்திருக்கும் கிருமியும் உண்டு என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை. தொழுநோய்க் கிருமி அத்தகையது. அது நஞ்சு சுரப்பதில்லை. உயிரையும் பெரும்பாலும் பறிப்பதில்லை. வலி என்னும் காவலை மட்டும் தேகத்திலிருந்து மெல்ல அகற்றிவிடுகிறது. அதன் பின் நேரும் அனர்த்தங்களில் ஒரு பகுதியை அன்றாட வேலைகளும், மற்றொரு பகுதியைச் சுற்றத்தாரின் பயமும், நெடுங்காலம் சர்க்காரின் சட்டமுமே செய்து முடித்திருக்கின்றன.

இக்கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். பரம்பரைச் சாபமென்றும் பூர்வ ஜன்ம பாபமென்றும் பேசப்பட்டு வந்த வியாதிக்கு ஒரு கிருமியே காரணம் என்று காட்டியது அவருடைய பெரும் சாதனை. ஆனால் அந்தச் சாதனையைச் சொல்லும் இடங்களிலெல்லாம் உடன் சொல்லவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கிருமி தொற்றும் என்பதை நிரூபிக்கும் ஆவலில், ஆஸ்பத்திரியிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவளது சம்மதமின்றியே, வேறொரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த பொருளை அவர் ஏற்றிப் பார்த்தார். அதற்காக 1880இல் நியாயஸ்தலம் அவரை அந்த ஆஸ்பத்திரிப் பதவியிலிருந்து நீக்கியது. எத்தனை உயர்ந்த நோக்கமாயினும் நோயாளியின் சம்மதமின்றி அவர் உடலைத் தொடுவதற்கு வைத்தியருக்கு அதிகாரமில்லை என்பதை, கிருமியைக் கண்டறிந்தவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி உணர்த்திய அவ்வழக்கை, கண்டுபிடிப்புக்குச் சமமாக நான் மதிக்கிறேன்.

கிருமியின் சுபாவம் விசித்திரமானது. சாதாரணக் குடற்கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பெருகும். இதற்கோ இரண்டு வாரம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் தொற்றிய நாளுக்கும் முதல் அடையாளம் தோன்றும் நாளுக்கும் இடையே சராசரியாக ஐந்து வருஷமும், சிலரிடத்தில் இருபது வருஷமும் கழிந்துவிடுகின்றன. பரிசோதனைச் சாலையின் கண்ணாடிக் குப்பிகளில் இதை வளர்க்க இன்றளவும் ஒருவராலும் இயலவில்லை. உயிருள்ள உடலுக்குள் ஒண்டி வாழ்ந்தே பழகிப் போனதால், தன் மரபணுக்களில் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கிக்கொண்ட ஜீவன் இது. தேகத்தில் குளிர்ச்சியான இடங்களையே நாடுவதால், தோல், மூக்கு, காதுமடல், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் ஆகியவையே இதன் இருப்பிடம். மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறைபோல் நரம்பிழைகளைச் சுற்றிப் பாதுகாக்கும் உயிரணுக்களுக்குள் இது புகுந்து கொள்கிறது. தேகத்தின் தற்காப்புச் சக்தி என்றோ ஒரு நாள் அதைக் கண்டுகொண்டு தாக்கும்போது, அந்தப் போர் நடக்கும் களமோ நரம்பாக இருப்பதால், பகைவனோடு நரம்பும் வீங்கிச் சேதமுறுகிறது. முழங்கை நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கிப் போகின்றன, முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கிவிடுகிறது, முகத்து நரம்பு கெட்டால் இமை மூடாமல் கண் வறண்டு பார்வைக்கே ஆபத்து நேர்கிறது.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று ஊர் சொல்வது உண்மையல்ல. 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், மடங்கிய கைகளைத் தசைநார்களை இடம் மாற்றி நிமிர்த்தும் சஸ்திர சிகிச்சையை வகுத்த டாக்டர் பால் பிராண்ட், விரல் குறைவதன் ரகசியத்தையும் பொறுமையோடு ஆராய்ந்தார். அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவதும், ஆணி தைத்த காலோடு மைல்கணக்கில் நடப்பதும், கொப்புளத்தை அறியாமல் மண்வெட்டியை இறுகப் பிடிப்பதுமாக, வலி தடுத்து நிறுத்தாத காயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே விரலைத் தேய்க்கின்றன என்பது அவர் கண்டது. இரவில் உறங்கும்போது எலிகள் விரலைக் கடித்ததும், கடிபட்டவர் விழிக்காமலே இருந்ததும் தெரிய வந்தபோது, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பும் வழக்கமும் அங்கே ஏற்பட்டது. கண்டிப்பாகத் தினந்தோறும் கைகால்களைப் பார்த்துச் சோதித்துக்கொள்வதும், மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு அணிவதும் இன்று சிகிச்சையில் ஓர் அங்கமானது இந்த அறிவினால்தான். அச்செருப்பை அரசு மையங்களில் இலவசமாகவே கேட்டுப் பெறலாம்.

தொற்றும் வழியைப் பற்றியும் பீதிக்கு இடமில்லை. சிகிச்சை பெறாத ஒருவரின் மூக்கு, வாய்த் திவலைகள் வழியே, அதுவும் நெருங்கிய, நீண்டகாலப் பழக்கத்தினால்தான் கிருமி பரவுகிறது. கை குலுக்குவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ, பேருந்தில் அருகே அமர்வதாலோ அல்ல. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேற்பட்டோர் இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உடையவர்கள். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றை அளிக்கும் நிலையைக் கடந்துவிடுகிறார்.

ஆகவே காலம் தாழ்த்தாமையே முக்கியம். சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ சிவந்தோ தோன்றி, அரிப்பும் வலியும் இல்லாமல், பஞ்சுநுனியால் வருடினால் உணர்ச்சி தெரியாத தேமல். பளபளத்துத் தடித்த காதுமடல். மரத்துப்போன கை அல்லது கால். காரணம் தெரியாத தீக்காயம்: இவற்றில் ஒன்று கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். தேமல்தானே என்று களிம்பு தடவிக் காலம் கழிப்பதே இந்நாட்டில் மிகுந்த கேட்டை விளைத்த பழக்கம். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, முற்றிலும் இலவசமாக வழங்கப்படுகிறது. மருந்தினால் சிறுநீர் சிவப்பாவதும் தோல் கறுப்பதும் கண்டு அஞ்சி நிறுத்திவிடலாகாது. சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பின்போ திடீரென்று தேமல் சிவந்து வீங்கி நரம்பு வலித்தால், அது மருந்தின் குற்றமுமல்ல, நோய் முற்றியதுமல்ல. தற்காப்புச் சக்தியின் கொந்தளிப்பு. உடனே வைத்தியரிடம் சென்றால் ஸ்டீராய்டு மாத்திரையால் நரம்பைக் காப்பாற்றிவிடலாம். சில வாரம் தாமதித்தாலோ போன உணர்ச்சி திரும்பாமலே போகக்கூடும்.

இனிச் சட்டத்தின் கதை. 1898ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஏழைத் தொழுநோயாளியை வாரன்ட் இன்றியே போலீஸ்காரர் பிடித்துச் செல்லவும், அவர் உணவுப்பண்டம் விற்பதையும் பொதுக்கிணற்றில் குளிப்பதையும் தடுக்கவும் இடமளித்திருந்தது. நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து நாட்டில் வழங்கத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேலான பின், 2016இல்தான் அது நீக்கப்பட்டது. மனைவியையோ கணவனையோ இந்நோயைக் காரணம் காட்டி விவாகரத்துச் செய்ய இடமளித்த விதிகளையோ, 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை யாரும் அகற்றவில்லை. ஆகையால் இன்று ஒருவர் இந்த ஒரே காரணத்தைச் சொல்லி மணமுறிவு கோரினால், இந்துத் திருமணச் சட்டமாயினும் தனித்திருமணச் சட்டமாயினும் அது செல்லாது என்பதைப் பாதிக்கப்பட்டவரும் அவரது பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இந்நோயிலிருந்து குணமாகி ஊனம் எஞ்சியவர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாற்பது சதவீத ஊனம் சான்றளிக்கப்பட்டால் அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்குரிய பிரிவில் அவர்களும் அடங்குவர். பொது இடத்தில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம், தொழுநோயாளிகளைத் தனி வார்டில் ஒதுக்காமல் பொது வார்டிலேயே சிகிச்சை அளிக்கவும், இவர்களுடைய குழந்தைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பாதிருக்கவும் ஆவன செய்யுமாறு அரசுகளைப் பணித்தது. எனினும் ஊனம் ஏதுமின்றிச் சிகிச்சையில் இருப்பவர் மேற்படி ஊனச் சட்டத்தின் நிழலுக்குள் வருவதில்லை. அவர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென 2015இலேயே சட்டக் கமிஷன் மசோதாவுடன் பரிந்துரைத்தும் அது நிறைவேறாதது, எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற எல்லைக்குக் கீழே நோய் இறங்கிவிட்டது என்று 2005 இறுதியில் தேசம் அறிவித்தது மெய்யே. ஆனால் அது சராசரிக் கணக்கு. ஆண்டுதோறும் இன்னும் ஒரு லட்சத்தை ஒட்டிய புதிய நோயாளிகள் இங்கே கண்டறியப்படுகிறார்கள், உலகத்தின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் நம்மவர்களே. நோயாளியின் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் ஒரே வேளை ரிபாம்பிசின் என்னும் மருந்தைக் கொடுத்துத் தற்காக்கும் திட்டமும் நடக்கிறது. ஆனால் அதற்காக நோயாளியின் பெயரைத் தெருவுக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை, அவருடைய சம்மதமின்றிச் சொல்வதும் தகாது. ஊனமுற்றவருக்கு வேலையோ விடுதியில் இடமோ இந்த நோயின் பேரால் மறுக்கப்பட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுத்து மூலம் மனுச் செய்யலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையெனில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், ஊனமுற்றவர் என்ற தகுதியிலேயே கட்டணமின்றி வக்கீல் அமர்த்தித் தரப்படும். மனுவோடு ஊனச் சான்றிதழையும், சிகிச்சை முடிந்ததற்கான பதிவு இருந்தால் அதையும், நகலெடுத்து இணைப்பது நல்லது.