ரிட்டர்ன் காலி

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இறங்கி, ஊரைத் தாண்டி ஏதாவது ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி ஆட்டோ கேட்டுப் பாருங்கள். தொகையைக் கேட்டு முகம் சுளித்தால் பதில் தயாராக வரும்: "வரும்போது காலியாத்தான் சார் வரணும்."

பேரம் பேசுகிறவருக்கு அது சாக்குப்போக்கு. ஆனால் மாதச் சம்பளம் இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், போட்டோகிராபரோ டிசைனரோ ஏசி மெக்கானிக்கோ, விலை வைக்கக் கற்க வேண்டிய முதல் பாடம் அதுதான். ஆள் ஏறிய தூரத்துக்கு மட்டுமல்ல, ஆள் இல்லாமல் ஓடும் தூரத்துக்கும் சேர்த்தே கூலி.

இந்த ஊரில் காலி ஓட்டம் கண்ணுக்கே தெரியும். ஆண்டுக்குப் பௌர்ணமி 12 அல்லது 13. அந்த இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமிருக்காது. கார்த்திகை தீபத்துக்கு ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்களே முளைக்கும். ரமணாசிரமத்தைத் தேடி வரும் வெளிநாட்டினர் குளிர்காலத்தில் அதிகம், அக்னி வெயிலில் குறைவு. மற்ற நாட்களில் ஸ்டாண்டில் காத்துக்கிடப்பதும் வேலையில் சேர்த்திதான். அதற்காக மாதம் முழுவதின் காலியையும் ஒரே பௌர்ணமி ராத்திரியில், ஊருக்குப் புதிதாக வந்தவர் தலையில் கட்டினால் அது விலை அல்ல. ஆளைப் பார்த்துச் சொல்லும் தொகை.

கல்யாணப் போட்டோகிராபர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக மட்டும். ஒரு கல்யாணத்துக்கு 8,000 ரூபாய் வாங்குகிறார். ஒரு நாள் வேலைக்கு எட்டாயிரமா என்று அக்கம்பக்கம் வாய் பிளக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அமாவாசைக்குப் பிந்தைய வளர்பிறையில் ஒரே நாளில் நான்கு பேர் கூப்பிடுவார்கள், போக முடிவது ஒன்றுக்குத்தான். வருஷத்துக்கு 45 கல்யாணம் என்று வைத்தால் வரவு 3,60,000. கேமரா, லென்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் 3,60,000 ரூபாய், நான்கு வருஷம் உழைக்கும் என்றால் ஆண்டுத் தேய்மானம் 90,000. உதவியாள், பெட்ரோல், இன்டர்நெட், ரிப்பேர் இன்னொரு 90,000. மிச்சம் 1,80,000. மாதம் பதினைந்தாயிரம்!

அவர் வீட்டுக்கு மாதம் 40,000 தேவை என்றால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். குடும்பத்துக்கு 4,80,000, செலவுக்கு 1,80,000, ஆக 6,60,000. அதை 45 ஆல் வகுத்தால் ஒரு கல்யாணத்துக்கு 14,667. இது கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும் தொகைதான். லாபம், கை உடைந்து ஒரு மாதம் படுத்தால் ஆகும் செலவு, புது லென்ஸ் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 17,000. எட்டாயிரத்துக்கு எடுத்துத் தந்த காலமெல்லாம் அவர் தன் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருந்தார் என்பது அது பழுதாகும் நாளில்தான் தெரியும்.

விலையை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஆட்டோவிலேயே பாடம் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் சென்னைக்கு அரசு அறிவித்த கட்டணத்தில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12, காத்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு 3.50, இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. டிசைனரின் கொட்டேஷனிலும் இந்த நான்கு வரியும் வேண்டும். எவ்வளவு சின்ன வேலைக்கும் ஒரு குறைந்தபட்சக் கூலி. அதற்கு மேல் அளவுக்கேற்ற கூலி. "இன்னும் ஒரே ஒரு கரெக்‌ஷன்" நாலாவது முறை வந்தால் காத்திருப்புக் கூலி. "நாளைக் காலைக்குள் வேணும்" என்றால் ராத்திரிக் கூலி.

அந்த அட்டவணையில் குறையும் உண்டு. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. கட்டணமோ 25-லேயே நின்றது. 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே குறைந்தபட்சம் 50 ரூபாய் என்று அறிவிக்கும் நிலை வந்தது. பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வாடிக்கையாளர் அதிரத்தான் செய்வார். தனியாளுக்குச் சங்கமும் இல்லை, அரசாணையும் தேவையில்லை. ஒவ்வொரு தை மாதமும் கொஞ்சம் ஏற்றி, பழைய வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

விலை வைக்கும்போது வரியையும் மறக்கக் கூடாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. நிறுவனங்களுக்கு வேலை செய்தால் பெரும்பாலும் வருமான வரிக்காக டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு, கூடுதலாகப் பிடித்த பணம் திரும்பி வராது.

அடுத்த வருஷக் காலண்டர் கைக்கு வந்ததும், கூலியைச் சொல்வதற்கு முன், அதில் முகூர்த்தம் இல்லாத நாட்களை எண்ணிப் பாருங்கள்.