அவள் கையெழுத்து போதும்

மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் நாள் தள்ளிப்போன பெண்கள் பலர் முதலில் தேடுவது மெடிக்கல் ஷாப்பைத்தான். அதற்கும் நேராகப் போவதில்லை. பக்கத்து வீட்டு மைனியிடம் சொல்லி, மைனி தன் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் கடைக்காரர் காதில் போட்டு, கருவைக் கலைக்கும் மாத்திரை கைக்கு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். இத்தனைக்கும் சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அதைச் சேர்ந்த ‘சோட்டா சயான்’ சுகாதார மையம் தாராவிக்குள்ளேயே இருக்கிறது. ஏன் போகவில்லை என்று கேட்டால், “அங்க போனா உங்க வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்கன்னுதான மொதல்ல சொல்லுவாங்க” என்று பதில் வரும்.

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. கருக்கலைப்புக்கான ஒப்புதல் ‘சி’ படிவத்தில் வாங்கப்படுகிறது. ஒரு பக்கத் தாள். பெயர், வயது, நிரந்தர முகவரி, இப்போதைய முகவரி, கீழே கையெழுத்து. ‘இன்னாரின் மகள் அல்லது மனைவி’ என்று ஒரு வரி உண்டு. ஆனால் 18 வயது நிறைந்த பெண் என்றால், அந்த இன்னார் கையெழுத்துப் போட அதில் இடம் கிடையாது. அவள் கையெழுத்து போதும். பிறகு ஏன் கணவனைக் கேட்கிறார்கள்? நாளைக்கு அவன் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவள் பெண். ஒருமுறை திருப்பி அனுப்பினால் இரண்டு வாரம் போய்விடும். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய காரியம், நான்காம் மாதத்தில் போலி டாக்டரின் மேசையில் போய் நிற்கலாம்.

இந்தக் கருக்கலைப்புச் சட்டத்தின் வேர் மும்பையில்தான் இருக்கிறது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறு எதற்காகக் கலைத்தாலும் குற்றம் என்றது. கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் சிறை. சட்டம் தடுத்ததால் கலைப்பது நிற்கவில்லை. எருக்கங்குச்சியும் கண்ட மருந்தும் எத்தனை பெண்களைக் கொண்டுபோயின என்று நெல்லைச் சீமைக் கிழவிகள் சொல்வார்கள். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கலாமா என்று ஆராய 1964-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா. குழு 1966-ல் அறிக்கை தந்தது; 1971-ல் சட்டம் வந்தது; 1972 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் கருக்கலைப்பை உரிமையாக்கிய ‘ரோ’ தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஆண்டு அது. ஆனால் முடிவெடுக்கும் உரிமையைச் சட்டம் பெண்ணிடம் தரவில்லை, டாக்டரின் அபிப்பிராயத்திடம் தந்தது. அந்தக் கோணல் இன்றுவரை நிமிரவில்லை.

2001-03 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, நாட்டில் நடந்த மகப்பேறு மரணங்களில் நூற்றுக்கு எட்டு, கருக்கலைப்பு சார்ந்தவை. அதன்பின் மொத்த மரணங்களே வெகுவாகக் குறைந்துவிட்டன. 2018-20-ல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, மகாராஷ்டிரத்தில் 33. இதில் மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கு, 2015-ல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகச் சொன்னது. அரசு ஏட்டில் பதிவாவதோ ஆண்டுக்கு ஏழு லட்சம் அளவுதான். மொத்தத்தில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை.

அட்டையில் ஒன்றும் நான்குமாக ஐந்து மாத்திரை. முதலில் ஒன்று, ஓரிரு நாள் கழித்து மற்ற நான்கு. சரியான வாரத்தில், விவரம் தெரிந்து எடுத்தால் பத்திரமானது. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. எத்தனை வாரம் என்று பார்க்க ஆளில்லாமல், துணியில் மறைத்துக் கொடுத்து அனுப்புவதில்தான் ஆபத்து.

இதில் அரசே ஒரு குளறுபடி செய்தது. 2012-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் பர்ளியில் பெண் கருக்கொலை விவகாரம் வெடித்தது. உடனே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மெடிக்கல் ஷாப்புகள் மீது பாய்ந்தது. ரெய்டு, நோட்டீஸ், லைசென்ஸ் ரத்து. எதற்கு வம்பு என்று கடைக்காரர்கள் மாத்திரை வாங்கி வைப்பதையே விட்டார்கள். சற்று யோசித்தால் போதும்: ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் தெரிய மூன்று மாதமாவது ஆக வேண்டும், மாத்திரைக்கான கெடு ஒன்பது வாரம். பாலினம் பார்த்துக் கலைப்பவர்களுக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? திருடனை விட்டுவிட்டுத் தெருவிளக்கை உடைத்த கதை இது. மாத்திரை மறைந்துவிடவில்லை, ரசீது இல்லாத சரக்காக மாறியது.

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் பிரச்சினை வேறு. பணம் இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார். ஆனால் கோயில், மெஸ், பூக்கடை எல்லாம் நாலு தெருவுக்குள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கல்யாணமாகாத பெண் தாணேவுக்கு ரயிலேறுவாளே தவிர உள்ளூர் கிளினிக் படியேற மாட்டாள். 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் மணமானவர்களுக்கு 24 வாரம் வரை உள்ள அதே வாய்ப்பு மணமாகாதவர்களுக்கும் உண்டு என்றது. குடும்பத்தாரின் சம்மதம், தேவையில்லாத சான்றிதழ்கள் என்று டாக்டர்கள் கேட்பதற்குச் சட்டத்தில் அடிப்படையே இல்லை என்றும் கண்டித்தது. அந்த 24 வாரமும் சும்மா வரவில்லை. 2008-ல் ஒரு மும்பைத் தம்பதி, அப்போதைய கெடு தாண்டிய நிலையில் கருவின் இதயத்தில் கோளாறு என்று தெரிந்து டாக்டர் நிகில் தாதாருடன் பம்பாய் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். கெடுவை உயர்த்திய சட்டத் திருத்தம் அமலுக்கு வர 2021 செப்டம்பர் ஆயிற்று. இங்கே இதாவது கிடைத்தது; இலங்கையில் இன்றும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அனுமதி.

மாத்திரை போட்டபின் ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே ஆனாலோ, காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலோ, ஒரு பக்க அடிவயிறு வலித்து மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எங்கே வாங்கினாய் என்று யாராவது மிரட்டினாலும், சிகிச்சை தராமல் அனுப்ப ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. மாத்திரை அட்டையைக் குப்பையில் போடாமல் கையில் கொண்டுபோங்கள். எது, எத்தனை, எப்போது போட்டது என்பதுதான் டியூட்டி டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது.