கடைச் சாவி யார் கையில்? உயில் நிறைவேற்றுநரின் கடமைகள்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி என நம் பகுதியில் தனி ஒருவர் பெயரில் நடக்கும் பலசரக்குக் கடைகள் ஏராளம். முதலாளி திடீரெனக் காலமானால், காரியம் முடிவதற்குள் மண்டிக்காரர்கள் பாக்கி கேட்டு வருகிறார்கள். கடையில் பற்று வைத்தவர்களோ அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. பூட்டிய கடைக்குள் பருப்பில் வண்டு விழுகிறது.

இந்நிலை வராதிருக்க, உயில் எழுதுபவர் அதிலேயே நிறைவேற்றுநர் ஒருவரை நியமிக்கலாம். கோர்ட்டு வழக்கில் இவரை எக்ஸிகியூட்டர் என்பார்கள். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் சொத்து இவர் பொறுப்பில் வருகிறது. ஆனால் தம் அனுபவத்திற்காக அன்று. வரவேண்டியதை வசூலித்து, கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, மீதியை உயிலில் கண்டபடி ஒப்படைப்பதே இவர் வேலை. சொத்தை வீணடித்தால் நஷ்டத்தை இவரே ஈடுகட்ட வேண்டும்.

கொடுப்பதிலும் சட்டம் வரிசை வகுத்துள்ளது. முதலில் இறுதிச் சடங்கு, கடைசிக்கால வைத்தியச் செலவு. அடுத்து புரோபேட் பெற்ற செலவு. பிறகு, இறப்பதற்கு முந்தைய 3 மாதங்களில் வேலை செய்த தொழிலாளியின் கூலி. அதன்பின் மற்றக் கடன்கள். பணம் போதாவிட்டால் கடன்காரர் எல்லோருக்கும் விகிதப்படி பங்கு. அடமானம் பெற்ற வங்கியின் உரிமை தனி. முந்தி வந்து மூட்டையைத் தூக்கிப்போக எந்த மொத்த வியாபாரிக்கும் உரிமை இல்லை. கடன் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு.

தேனி மாவட்டத்தில் எழுதி, இங்குள்ள சொத்தை மட்டும் பற்றிய உயிலுக்குப் புரோபேட் கட்டாயமில்லை. ஆயினும் வங்கியோ நீதிமன்றமோ கேட்பதுண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் பெறலாம். பெற்றால் 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஓராண்டில் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடையானால், தொழிலைத் தொடரும் வாரிசு தம் பெயரில் புதுப் பதிவு பெற வேண்டும்.

உயிலுக்கு 2 சாட்சிகள் அவசியம். பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தால் நல்லது. நிறைவேற்றுநராக, கணக்கு வழக்குத் தெரிந்த, குடும்பத்தார் நம்பும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். அவர் மறுக்கவும் உரிமை உண்டு. வாய்க்கணக்கில் விட்ட பாக்கிகளை இன்றே பேரேட்டில் ஏற்றுங்கள். உங்கள் மனதில் மட்டும் உள்ள கணக்கை எந்த நிறைவேற்றுநராலும் வசூலிக்க இயலாது.