புராஸ்டேட் வீக்கத்திற்கு வெப்பச் சிகிச்சை

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழ 5.1 கோடிப் பேர் ஆண்கள். மூப்பில் வரும் கண்புரையையும் மூட்டு வலியையும் பற்றி முதியோர் தயக்கமின்றிப் பேசுகின்றனர். சிறுநீர்த் தொல்லையை மட்டும் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. இரவில் நான்கைந்து முறை எழுவதும், நெடுநேரம் காத்து நின்றால்தான் சிறுநீர் இறங்குவதும் வயதின் இயல்பு என்றே கருதி வாழ்கின்றனர். ஒரு நாள் சிறுநீர் அடியோடு அடைபட்டுத் துடிக்கும்போதுதான் மருத்துவமனைக்கு வருகின்றனர். சிலருக்கு அதற்குள் சிறுநீரகங்களே பழுதடைந்து விடுகின்றன. இந்நிலைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாகும்.

சுரப்பியும் அதன் வளர்ச்சியும்

புராஸ்டேட், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சுரப்பி. இளமையில் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். நடுவயதிற்குப் பின் இதன் உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. 60 வயதளவில் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இவ்வளர்ச்சியைக் காணலாம். 80 வயதைக் கடந்தோரில் மிகப் பெரும்பாலோரிடம் காணலாம். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. எனினும் இவ்விரண்டும் ஒரே சுரப்பியில் ஒருங்கே இருக்கக்கூடும்.

வளரும் சுரப்பி தன் நடுவே செல்லும் குழாயை நெருக்குகிறது. தடையை வெல்ல முயன்று சிறுநீர்ப்பையின் தசை முதலில் தடிக்கிறது; பின்னர் தளர்ந்து போகிறது. முழுவதும் வெளியேறாமல் தங்கும் சிறுநீரில் கிருமித் தொற்றும் கற்களும் உண்டாகின்றன. அழுத்தம் மேல்நோக்கிப் பரவினால் சிறுநீரகங்கள் கெடுகின்றன.

மருந்தும் அறுவையும்

மிதமான தொல்லைக்கு மருந்துகளே போதும். டாம்சுலோசின் போன்றவை சுரப்பியின் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே பயன் தருகின்றன. ஃபினாஸ்டரைடு போன்றவை சுரப்பியைச் சுருங்கச் செய்கின்றன. இவற்றின் பயன் தெரிய ஆறு மாதங்கள் வரை ஆகலாம்.

மருந்து பயனளிக்காதபோது அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அயர்லாந்து மருத்துவர் பீட்டர் ஃபிரெயர், ஓய்வுபெற்று லண்டன் சென்றபின், அடிவயிற்றைத் திறந்து சுரப்பியின் வளர்ந்த பகுதியை அகழ்ந்தெடுக்கும் முறையை 1901ஆம் ஆண்டு முதல் பரவச் செய்தார். பின்னர், வயிற்றைக் கீறாமல், சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்கம்பி வளையத்தால் திசுவைச் சீவியெடுக்கும் 'டி.யூ.ஆர்.பி.' முறை வந்தது. பிற முறைகளின் தரத்தை மதிப்பிட உரைகல்லாக இன்றும் விளங்குவது இதுவே. ஆயினும் இதற்கு மயக்க மருந்து வேண்டும்; குருதிப்போக்கு நேரலாம். மேலும், இதைச் செய்துகொண்டோரில் பெரும்பாலோருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பி விடுகிறது. இதய நோயாளிகளும் மிகவும் தளர்ந்தவர்களும் அறுவையைத் தாங்குவது கடினம். மருந்துக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட ஒரு வழி தேடப்பட்டதன் காரணம் இதுதான்.

வெப்பம் செய்யும் வேலை

உயிருள்ள திசு 45 பாகை செல்சியசுக்கு மேல் போதிய நேரம் சூடேற்றப்பட்டால் அதன் செல்கள் இறந்துவிடும். 70 பாகையை எட்டினால் உடனடியாகவே இறந்துவிடும். இறந்த திசுவை உடலே சில வாரங்களில் உறிஞ்சிக் கொள்வதால் சுரப்பி சுருங்கி, குழாயின் மீதுள்ள நெருக்கம் குறைகிறது. வெப்பச் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

1980களில், அறுவையைத் தாங்க இயலாத நோயாளிகளுக்கு இஸ்ரேலிய மருத்துவர்கள் மலக்குடல் வழியாக நுண்ணலைகளைச் செலுத்திப் பார்த்தனர். அவ்வெப்பம் போதுமானதாக இல்லை. அடுத்து, சிறுநீர் வழியே செலுத்தும் குழாயினுள் நுண்ணலைக் கருவியைப் பொருத்தும் முறை உருவாயிற்று. சுரப்பி 45 பாகைக்கு மேல் சூடாகும் அதே வேளையில், குழாய்ச் சுவர் வெந்து போகாதபடி அதனைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில், ஊசிகளைச் சுரப்பியில் செருகி ரேடியோ அலைகளால் சூடேற்றும் முறையும் அங்கு ஒப்புதல் பெற்றது.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நுண்ணலைச் சிகிச்சையால் சிலருக்குக் கடுமையான தீக்காயங்கள் நேர்ந்தன என்று எச்சரித்தது. குழாய் இடம் மாறியிருந்ததை அறியாமல் சிகிச்சையைத் தொடர்ந்ததும், அளவுக்கு மிஞ்சிய வலி மருந்தால் நோயாளி தம் வலியைச் சொல்ல இயலாமற் போனதும் இத்தகைய காயங்களுக்கு வழி வகுப்பவை. கத்தி இல்லாத சிகிச்சையிலும் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது என்பதே இதன் படிப்பினை.

நீராவி முறை

2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய முறை நீராவியைப் பயன்படுத்துகிறது. இதன் தத்துவம் பள்ளி இயற்பியலில் உள்ளதே. 100 பாகையில் உள்ள ஒரு கிராம் வெந்நீர் உடலின் வெப்பநிலைக்குக் குளிரும்போது ஏறத்தாழ 63 கலோரி வெப்பத்தை விடுகிறது. ஒரு கிராம் நீராவியோ, நீராக மாறும் அளவிலேயே 540 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. ஏறத்தாழ அரை மில்லி லிட்டர் நீரின் ஆவி, நுண்ணிய ஊசி வழியாக ஒவ்வோரிடத்திலும் 9 விநாடி நேரம் செலுத்தப்படுகிறது. ஆவி திசுக்களின் இடைவெளிகளில் பரவிக் குளிர்ந்து, அங்கேயே தன் வெப்பத்தை விட்டுவிடுகிறது. சில நிமிடங்களில் சிகிச்சை முடிந்து, நோயாளி பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

அமெரிக்காவில் 15 மையங்களில் 197 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் தொல்லைக்கான மதிப்பெண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. மீண்டும் அறுவை தேவைப்பட்டோர் 4.4 விழுக்காட்டினரே. எனினும், இடையில் பலர் தொடர் கண்காணிப்பிலிருந்து விலகியதை மனத்தில் கொண்டே இம்முடிவை மதிப்பிட வேண்டும்.

எல்லைகள்

வெப்பச் சிகிச்சையின் பயன் உடனே தெரிவதில்லை. சூடுபட்ட சுரப்பி முதலில் மேலும் வீங்குவதால் சில நாட்கள் வடிகுழாய் பொருத்தியிருக்க வேண்டும். முழுப் பயன் தெரிய மூன்று மாதங்கள் ஆகலாம். சிறுநீர் ஓட்டத்தில் காணும் முன்னேற்றம் டி.யூ.ஆர்.பி. அளிப்பதைவிடக் குறைவு. நுண்ணலை முறையில் மறு சிகிச்சை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ரேடியோ ஊசி முறையை அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. நீராவி முறை பொதுவாக 30 முதல் 80 கிராம் வரையுள்ள சுரப்பிகளுக்கே உரியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. சீவியெடுத்த திசுவைச் சோதனைச்சாலையில் ஆராயும்போது மறைந்திருக்கும் புற்றுநோய் சில வேளைகளில் வெளிப்படும். வெப்பச் சிகிச்சையில் ஆராய்வதற்குத் திசு கிடைப்பதில்லை. ஆகவே, புற்றுநோய் இல்லை என்பதை முன்னரே இயன்றவரை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டுவன

நீராவிக் கருவியின் ஊசிப் பகுதி ஒரே முறை பயன்படுவது. எனவே செலவு மிகுதி. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் காப்பீடு 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. டி.யூ.ஆர்.பி. அத்திட்டத்தின் சிகிச்சைகளுள் ஒன்று. அறுவைக்குத் தகுதியுள்ள எளிய நோயாளிக்கு இதுவே கைக்கு எட்டும் நல்ல சிகிச்சை. மயக்க மருந்தைத் தாங்காதவர்க்கும், விந்து வெளியேற்றம் கெடாதிருக்க விரும்புவோர்க்கும் வெப்பச் சிகிச்சை உரியதாகும்.

இவற்றில் எதுவும் பயன்பட வேண்டுமானால், நோயாளி உரிய காலத்தில் வர வேண்டும். உலகெங்கும் வழங்கும் மதிப்பீட்டு முறையில் ஏழே கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 35. அதில் 7 வரை எளிய தொல்லை, 8 முதல் 19 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரே இக்கேள்விகளைக் கேட்டுவிட முடியும். முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் 2010-11 முதல் நடைபெற்று வரும் நாட்டில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் சோதனைக்கு வரும் ஒவ்வொரு முதியவரிடமும் இவ்வேழு கேள்விகளையும் கேட்பது வழக்கமாகிவிட்டால், சிறுநீர் அடைபட்ட பின்னர் நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுவோரின் எண்ணிக்கை குறையும்.